முனியாண்டிக்குப் பெரிய சிலை எழுப்பப் போகிறீர்களா?

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் காவல் தெய்வம் முனியாண்டி பெரும்பாலும் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத்தான் தொடங்கினார். இன்றைய ஆலயக் கூட்டங்களில் பேச்சு வேறு: "பத்துமலை முருகன் மாதிரி நமக்கும் ஒண்ணு வேணும் அண்ணே!" பெரிய சிலைகளுக்கான ஆர்டர் அநேகமாக இப்படித்தான் பிறக்கிறது. சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் குடமுழுக்கு கண்ட 146 அடி முத்துமலை முருகனும் பத்துமலையைப் பார்த்து எழுந்தவர்தான். இரண்டையும் செய்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி.

உயரத்தைப் பேசும் முன் நிலத்தைப் பேசுங்கள். மலாக்கா நகரின் பொய்யாத விநாயகர் ஆலயம், 1781-இல் டச்சுக்காரர்கள் தைவநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது. தோட்டக் கோயில்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிலம் கம்பெனி பெயரில் இருக்கும். தோட்டம் கைமாறினால் கோயிலே இடம் மாற நேரும். சிறு விக்கிரகத்தைப் பாலாலயம் செய்து எடுத்துப் போகலாம், கான்கிரீட் சிலையை உடைக்கத்தான் முடியும். நிலப் பத்திரம் கைக்கு வந்தபின் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்துடன் உள்ளாட்சி மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சபாவின் கூடாட்டில் சீனர்களின் கடல் தெய்வமான மாசு (Mazu) தேவியின் 108 அடிச் சிலை, வேலை தொடங்கிய பிறகு, 2006-இல் மாநில அரசின் உத்தரவால் நின்றுபோனது.

இனி வேலை. கன்னியாகுமரி வள்ளுவர், கணபதி ஸ்தபதி கருங்கல்லைச் செதுக்கி அடுக்கி எழுப்பியவர். பீடத்தோடு 133 அடி. நம் நாட்டுச் சிலைகள் பெரும்பாலும் அந்த வகை அல்ல, கான்கிரீட்டில் எழுபவை. 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட பத்துமலை முருகனின் உயரம் 42.7 மீட்டர். உள்ளே போனது 1,550 கனமீட்டர் கான்கிரீட், 250 டன் இரும்புக் கம்பி. மேலே பூசியது தாய்லாந்திலிருந்து வந்த 300 லிட்டர் தங்க வண்ணம்.

ஸ்தபதி முதலில் சிறு மாதிரி செய்து காட்டுவார். முக நீளத்தை அலகாகக் கொண்ட தாளக் கணக்கில் உடல் அளவுகள் அமையும். அண்ணாந்து பார்ப்பவருக்குத் தலை சிறுத்துத் தெரியுமாதலால், உயரமான சிலைக்கு அதைச் சற்றுப் பெரிதாக்குவதுண்டு. அடித்தளமும் கம்பிக்கட்டும் பொறியாளர் பொறுப்பு. காற்றையும் எடையையும் தாங்குவது அவைதான். பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றிய பின்தான் சாந்து பூசி உருவம் திரட்டும் சுதை வேலை. சாரத்தில் முகத்துக்கு எதிரே நின்று இமையைத் தீட்டுபவருக்கு ஒரு கண் இறங்கியிருப்பது தெரியாது. இறங்கிப் போய்த் தூர நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏற வேண்டும்.

கெடுதல் மெல்லிய இடத்தில்தான் தொடங்கும்: முனியாண்டியின் மீசை முனை, அரிவாள் நுனி, விரல்கள். அங்கே கம்பியை மூடும் கான்கிரீட் போதாவிட்டால் ஈரம் இறங்கி, துரு பருத்து, பூச்சைப் பிளந்துவிடும். கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று என்பதால் இடிதாங்கியைச் செலவுக் கணக்கிலேயே சேருங்கள். அரிவாளில் மின்னல் இறங்கிய பிறகு யோசிப்பது வீண்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்தபதிகளுக்கு வேலை பெர்மிட், தங்குமிடம், சாப்பாடு யார் செலவு? கம்பியும் சிமெண்டும் யார் வாங்குவது? இவற்றை வாய்ப்பேச்சில் விட்ட இடங்களில்தான் கழுத்துவரை எழுந்த சிலை தலைக்காகக் காத்திருக்கிறது. பணத்தை அடித்தளம், உடல், முகம் என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வண்ணம் மங்கினால் மறுபடி சாரம் கட்ட வேண்டும். இருபதடிச் சிலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகளே ஏறிப் பூசிவிடுவார்கள், நூறடிக்கு ஆள் தேடிப் பணம் திரட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இருபதடியே போதும். எத்தனை அடியானாலும் கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் போன பிறகு, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.