கணினிக்குத் தமிழ் இலக்கணம் தெரியுமா?

லிட்டில் இந்தியாவில் பூமாலை வாங்க வேண்டும். கடைக்காரருக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புகிறீர்கள்: "அண்ணே, மாலை விளை என்ன?"

கைத்தொலைபேசி சிவப்புக் கோடு எதுவும் போடவில்லை. அப்போ சரிதானே?

இல்லை! நீங்கள் கேட்க நினைத்தது 'விலை'. ஆனால் 'விளை' என்றும் தமிழில் ஒரு சொல் உண்டு. சொல் அகராதியில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மென்பொருள் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது. வாக்கியத்தையே புரிந்துகொள்ள வேண்டும். அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பவர்தான் கணினிமொழியியல் வல்லுநர்.

அவர் என்ன செய்வார்?

பிரெஞ்சு மொழியைப் பாருங்கள். 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டுமே அதில் 'இல் பார்ல்' என்றுதான் காதில் விழும். எழுதும்போது மட்டும் பன்மைக்குக் கூடுதல் எழுத்துகள் சேரும். அதனால் பிரெஞ்சுக்காரர்களுக்கே தடுமாற்றம் வரும்.

அதைத் திருத்தும் மென்பொருள்:

• வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிக்கும்
• எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று குறிக்கும்
• எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும்

தமிழில் என்ன சிக்கல்?

1. நீளும் சொற்கள்

'வா' என்ற ஒரே வினை 'வந்தேன்', 'வந்திருந்தால்', 'வரவேண்டியிருந்ததால்' என்று நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் அகராதியில் அடுக்க முடியாது. சொல்லைப் பிரித்துப் பார்க்கும் விதிகளை எழுத வேண்டும்.

2. ஒற்றெழுத்து

'வேலை கொடு' என்றால் பணி கொடு. 'வேலைக் கொடு' என்றால் கையில் இருக்கும் வேலாயுதத்தைக் கொடு! இரண்டும் சரியான தமிழ்தான். எழுதியவர் எதை நினைத்தார் என்பதைச் சுற்றியுள்ள சொற்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

3. பேச்சுத் தமிழ்

'வந்துட்டேன்' பிழையா? கட்டுரையில் என்றால் திருத்தலாம். நண்பருக்கு அனுப்பும் தகவலில் அதுதான் இயல்பு. எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போட்டால் "எதுக்கு வம்பு, ஆங்கிலத்திலேயே எழுதிடலாம்" என்று தோன்றிவிடும்.

இது ஏன் முக்கியம்?

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழ் இங்கு அதிகாரத்துவ மொழி. பலகைகளிலும் அறிவிப்புகளிலும் அது சரியாக இருக்க வேண்டும்.

2014இல் நடந்தது நினைவிருக்கிறதா? லாவ் பா சாட் உணவங்காடியின் பெயர்ப்பலகையில் 'சாட்' என்பது ஆங்கிலத்தில் சனிக்கிழமையின் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழில் 'சனி' ஆகிவிட்டது. 'சனி' சரியான தமிழ்ச் சொல். எழுத்துப்பிழை திருத்தி அதைத் தடுத்திருக்காது. தமிழ் தெரிந்த ஒருவரின் கண் தடுத்திருக்கும்.

நம் ஊரின் பங்கு

கணினித் தமிழுக்குத் தொடக்கத்திலேயே தோள்கொடுத்த ஊர் இது. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர். 1997ஆம் ஆண்டு மே மாதம் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. இன்று நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' எழுத்துப்பிழை திருத்தி, 'நாவி' சந்திப்பிழை திருத்தி போன்றவற்றை இணையத்தில் பயன்படுத்தலாம்.

தமிழ் இலக்கணமும் தெரிந்து நிரல் எழுதவும் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்குத் தேவை. இரண்டு மொழிகளில் வளரும் உங்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

அதுவரை? அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'விலை', 'விளை' வித்தியாசம் உங்கள் நாக்குக்குத் தெரியும்!