சுழியோடியின் அட்டை எங்கெல்லாம் செல்லும்?

எங்கள் நானா மாலைதீவுக்கு வேலைக்குப் போனபோது, கடவுச்சீட்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்திக்கொண்டு போனது ஒரு பிளாஸ்டிக் அட்டையை. நிலாவெளியில் நான்கு நாட்கள் பயிற்சி பெற்று, வளிச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் சுழியோடத் தேறியதற்கான அத்தாட்சி அது. "இது உலகமெங்கும் செல்லும்" என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். அதன்பின் மூன்று வருடங்கள் நானா கடலில் இறங்கவேயில்லை.

மாலைதீவில் முதல் விடுமுறை நாளன்றே சுழியோடல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த பயிற்றுநர் அட்டையைப் பார்த்துவிட்டு, "கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? குறிப்பேடு எங்கே?" என்று கேட்டாராம். குறிப்பேடு எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தது. அப்படியானால் முதலில் கரையோர ஆழமற்ற நீரில் ஒரு பரிசோதனை என்றிருக்கிறார். நானாவுக்கு வந்ததே கோபம். "லைசன் இருக்கும்போது திரும்பவும் என்ன பரீட்சை?" என்று உம்மாவிடம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்.

அவர் பிழைவிட்டது அந்த ஒரு சொல்லில்தான். சாரதி அனுமதிப்பத்திரத்தை அரசாங்கம் கொடுக்கிறது. சுழியோடும் அட்டையைக் கொடுப்பவை தனியார் பயிற்சி அமைப்புகள். பிரித்தானியாவின் 'பி.எஸ்.ஏ.சி.' 1953இல் தோன்றியது. 1959இல் தொடங்கிய 'சீமாஸ்' என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் முதல் தலைவர், கடலடி உலகைத் திரைப்படமாக்கிக் காட்டிய ஜாக் கூஸ்தோ. இன்று எங்கும் காணப்படும் 'பாடி' 1966இல் அமெரிக்காவில் ஆரம்பமானது. இவை தருவது அனுமதி அல்ல; "இவர் இன்ன திகதியில் இன்ன பயிற்சியை முடித்தார்" என்ற சாட்சியம். அதை ஏற்பதா, இன்னும் ஏதாவது கேட்பதா என்பதைப் படகில் ஏற்றிச் செல்லும் நிலையமும் அந்த நாட்டுச் சட்டமும் தீர்மானிக்கின்றன.

அப்படியிருந்தும் நிலாவெளி அட்டை செங்கடலில் செல்வது எப்படி? எந்த அமைப்பில் படித்தாலும் அடிப்படைப் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றே. 'ஐ.எஸ்.ஓ. 24801' என்ற சர்வதேச நியமம் சுழியோடிகளை மூன்று நிலைகளாக வகுத்திருக்கிறது. அதனால் ஓர் அமைப்பின் அட்டையை இன்னொரு அமைப்பின் நிலையம் இலகுவாகப் புரிந்துகொள்கிறது.

அட்டையில் நிலையும் முக்கியம். 'ஓப்பன் வோட்டர்' எனும் ஆரம்ப அட்டைக்கு 18 மீற்றர். அடுத்ததான 'அட்வான்ஸ்ட்' அட்டைக்கு 30 மீற்றர். மாலைதீவில் பொழுதுபோக்குச் சுழியோடலுக்குச் சட்டப்படியான எல்லையே 30 மீற்றர்தான். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. ஆரம்ப அட்டையோடு போய் அதைக் காட்டுங்கள் என்றால், பொறுப்புள்ள எவரும் கூட்டிப் போகமாட்டார். விடுமுறையில் ஒருநாள் அனுபவத்துக்காக இறங்கியவர்களுக்குக் கிடைக்கும் காகிதச் சான்றிதழ் ஞாபகத்துக்குத்தான், அது அட்டையாகாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் மேலே இழுத்த மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு மேலே வந்தார்கள். சிலிண்டரோடு இறங்குபவர் கீழேயே, அந்த ஆழத்து அமுக்கத்தில் உள்ள வளியைச் சுவாசிக்கிறார். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்த வளி இரு மடங்காக விரியப் பார்க்கும், சுவாசப்பை கிழியலாம். வேகமாக மேலெழுந்தால் உடலில் கரைந்த நைதரசன் குமிழாகும். பயந்தவர் செய்வது இந்த இரண்டையும்தான்: மூச்சை அடக்குவார், மேலே பாய்வார்.

நானாவும் அதையே செய்தார். முகமூடிக்குள் நீரை விட்டு வெளியேற்றிக் காட்டச் சொன்னபோது மூக்கில் நீர் ஏற, வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். நெஞ்சளவு நீர் என்பதால் நிற்க முடிந்தது.

அட்டை காலாவதியாவதில்லை, கைப்பழக்கம்தான் காலாவதியாகிறது. எனவே அட்டையோடு, ஒவ்வொரு தடவையும் இறங்கிய இடம், ஆழம், நேரம் எழுதிய குறிப்பேட்டையும் கொண்டுபோக வேண்டும். நீண்ட இடைவெளி விழுந்திருந்தால் புறப்படுமுன் இங்கேயே மீள்பயிற்சி எடுப்பது நல்லது. நிலையங்கள் தரும் மருத்துவ வினாக்கொத்தில் ஆஸ்துமா, இருதய நோய் போன்றவற்றுக்கு "ஆம்" என்று விடை வந்தால் வைத்தியரின் கையொப்பம் கேட்பார்கள். பயணம் கெட்டுவிடுமே என்று "இல்லை" என எழுதுபவர்கள் உண்டு. அந்தப் பொய்யைக் கடலுக்கடியில் யாரும் திருத்தித் தர முடியாது. ஊர் திரும்பும் விமானத்துக்கும் கடைசிச் சுழியோடலுக்கும் இடையே குறைந்தது 18 மணித்தியாலமாவது இருக்கட்டும்.

பெற்றாருக்கு ஒரு தகவல்: 'பாடி' முறையில் 10 வயதிலிருந்தே சிறுவர் அட்டை பெறலாம். ஆனால் 10, 11 வயதினருக்கு 12 மீற்றர்தான் எல்லை. அட்டை இருந்தாலும் தனியே இறங்க முடியாது. பெண் பயிற்றுநர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யலாம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் நீருடையும் தலையுறையும் இத்துறையில் வழமையானவையே.

அலுமாரியில் கிடந்த குறிப்பேட்டை, மாலைதீவு போன ஒருவரிடம் தொதலோடு சேர்த்து உம்மா கொடுத்தனுப்பினார். அதில் நிலாவெளியில் எழுதிய நான்கு பக்கங்களே இருந்தன. ஐந்தாம் பக்கத்தைப் படம்பிடித்து நானா அனுப்பியிருந்தார்: "ஆழம், ஒன்றரை மீற்றர்."