கணினிப் பெயரும் சோதனைத் தவறும்

மென்பொருள் ஆக்குவோர் தாம் எழுதிய நிரலை வெளியிடுமுன் சிறு சோதனைகள் பலவற்றால் அதனை ஆராய்வர். ஒருவருடைய கணினியில் முற்றும் தேறிய சோதனை, ஓரெழுத்தும் மாறாத அதே நிரலோடு, வேறொருவருடைய கணினியில் தவறுவதுண்டு. நிரலை எத்துணை துருவினும் பிழை புலப்படாது. அவ்வேளையிற் பலரும் நோக்காது விடும் ஓரிடம் கணினிக்கு இடப்பட்ட பெயராகும்.

1963 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அஸ்கி என்னும் குறிமுறையில் உள்ளவை 128 குறிகளே. வலையமைப்பிற் கணினிப் பெயர்கள் ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு என்பவற்றால் மட்டும் அமைதல் வேண்டும் என்ற பழைய விதி இதனை ஒட்டியதே. வின்டோஸோ பிறமொழி எழுத்துகளையும் பெயரில் ஏற்றுக்கொள்கின்றது.

ருஷ்ய மொழி வின்டோஸ் 7 ஐ எடுத்துக்கொள்வோம். அது பயனர் பெயரின்பின் ஒரு சிறுகோடிட்டு, தனியாட் கணினி எனப் பொருள்படும் ருஷ்யத் தொடரின் முதலெழுத்துகளாகிய பே, கா என்னும் இரண்டையும் சேர்த்துத் தானாகவே பெயர் சூட்டிற்று. ருஷ்ய வின்டோஸின் குறிமுறையில் அவ்விரண்டும் 207, 202 என்னும் எண்கள். பைதன் மொழியோடு வரும் எளிய வலைச் சேவையகம், தொடங்கும்போதே தான் இயங்கும் கணினியின் முழுப்பெயரை வினவும். விடையாக வந்த எண்களைப் பைதன் 3 நெடுங்காலம் யுடிஎஃப்-8 முறையிலேயே படிக்க முயன்றது. அம்முறையில் 207 ஈரெண் கொண்ட எழுத்தொன்றின் தொடக்கம். அதனை அடுத்து 128 முதல் 191 வரையுள்ள எண்ணொன்றே வரலாம். வந்ததோ 202. சேவையகம் தொடங்குமுன்னரே நின்றது. அதனை நம்பிய சோதனைகள் யாவும் வீழ்ந்தன.

ஐயந் தீர்க்கும் வழி எளிது. கணினிக்குத் தற்காலிகமாக ஆங்கிலப் பெயரிட்டு, மீள இயக்கிச் சோதனையை நடத்துக. தேறுமாயின் காரணம் பெயரே. "பெயரை மாற்றிவிடு" என்று கூறி இவ்விடத்தில் நின்றுவிடுவோர் பலர். அது நோயறியும் முறையேயன்றி மருந்தன்று; தன் மொழியிற் பெயரிட்டவன் செய்த குற்றந்தான் யாது? எண்களை அவை எழுதப்பட்ட குறிமுறையிலேயே படித்தல் நிரலின் கடமை. வலையமைப்புக்கு அனுப்பும்போது, 2003 இல் வெளிவந்த பியூனிகோட் முறையால் அப்பெயரை அஸ்கி வடிவாக்கலாம். எக்ஸ், என் என்னும் இரண்டெழுத்தும் இரு சிறுகோடும் அவ்வடிவின் முன்னே நிற்கும். நம் நாட்டின் 'இலங்கை' என்னும் இணைய ஆள்களப் பெயரும் இவ்வடிவிலேயே வலையமைப்பிற் செல்கின்றது.

சோதனை எழுதுவோர் கணினியின் உண்மைப் பெயரை நம்பியிருத்தல் ஆகாது. ஜாங்கோ என்னும் மென்பொருட் சட்டகத்தின் மின்னஞ்சற் சோதனையொன்று இரண்டு சீன எழுத்துகளைக் கணினிப் பெயராகப் புனைந்து கொடுத்து, மடலின் அடையாளத் தலைப்பில் அவற்றின் அஸ்கி வடிவம் வருகின்றதா என்று பார்க்கின்றது. அச்சோதனை நடைபெறும் கணினியின் பெயர் எம்மொழியினதாயினும் விடை ஒன்றே.