வால்நட்சத்திரம் விழுந்தால் சூரியன் வெடிக்குமா?

2024 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், விடியுமுன் கிழக்கு வானில் சூசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் தென்னிந்தியாவில் தெரிந்தது. அதே நாட்களில், அக்டோபர் 3ஆம் தேதி மாலை, தூத்துக்குடியில் பொழுது சாயும் வேளையில், சூரியனில் எக்ஸ் 9 என்ற மிக வலிய அளவில் ஒரு சுடர்வெடிப்பு நிகழ்ந்தது. அடுத்த வாரம் மற்றொரு வெடிப்பு. அதன் விளைவாக அக்டோபர் 10இல் பூமியில் கடும் காந்தப்புயல். வால்நட்சத்திரம் வந்ததால்தான் சூரியன் சீறியதோ என்று முடிச்சுப் போடத் தோன்றும்.

ஆனால் அந்த வால்நட்சத்திரம் சூரியனை 5.8 கோடி கிலோமீட்டரைவிட அருகில் நெருங்கவே இல்லை. உண்மையில் சூரியனை உரசிச் செல்பவை வேறு. பெரும்பாலும் கிரூட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. பல நூற்றாண்டுகளுக்கு முன் உடைந்த ஒரு பெரிய வால்நட்சத்திரத்தின் துண்டுகள். 1965இல் உலகமே வியந்து பார்த்த இகேயா-செக்கி அந்தக் குடும்பம்தான். 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் படங்களில் 2024 மார்ச் மாதத்துக்குள் 5,000 வால்நட்சத்திரங்கள் சிக்கிவிட்டன. சராசரியாக இரண்டு நாளைக்கு ஒன்று. சூரியன் உச்ச வீச்சில் இருக்கும் ஆண்டுகளிலோ சிறிதும் பெரிதுமாகத் தினமும் பல வெடிப்புகள். இரண்டும் இவ்வளவு அடிக்கடி நடந்தால், ஒன்றையடுத்து ஒன்று நிகழாமல் இருப்பதுதான் அதிசயம். 2011 அக்டோபர் 1இல் அப்படித்தான் ஆயிற்று: ஒரு வால்நட்சத்திரம் சூரியனை நோக்கிப் பாய்ந்தது, சற்று நேரத்தில் பெரும் பிளாஸ்மா வீச்சு கிளம்பியது. ஆனால் அது கிளம்பியது எதிர்ப்பக்கத்திலிருந்து.

ஆற்றல் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2011 ஜூலை 6இல் ஒரு வால்நட்சத்திரம் சூரிய வளிமண்டலத்துக்குள் புகுந்து, நொடிக்கு சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி ஆவியானதை நாசாவின் எஸ்டிஓ விண்கலம் நேரடியாகப் படமெடுத்தது. அதன் நிறை அதிகபட்சம் 60,000 டன் என்று மதிப்பிட்டார்கள். அந்த நிறையும் வேகமும் தரும் ஆற்றல், மிகப்பெரிய சுடர்வெடிப்பு ஒன்றின் ஆற்றலில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். சில கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட ஒன்று நேராக விழுந்தால் நிலைமை வேறு. அப்போது அதன் ஆற்றல் ஒரு பெரிய சுடர்வெடிப்புக்கு ஏறக்குறைய சமமாகலாம். அப்படி விழுந்த ஒன்றை இதுவரை எவரும் பதிவு செய்ததில்லை.

வெடிப்புக்கான ஆற்றல் சூரியனுக்குள்ளேயே இருக்கிறது. சூரியப் புள்ளிகளுக்கு மேலே காந்தப்புலக் கோடுகள் நாள்கணக்கில் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் அறுந்து வேறுவிதமாக இணைகின்றன. அந்த நொடியில் வெளிப்படுவதுதான் சுடர்வெடிப்பு. உண்மையில் பாதிப்பு மறுதிசையில்தான் நடக்கிறது. 2007 ஏப்ரலில் சூரியன் வீசிய பிளாஸ்மா, என்கே வால்நட்சத்திரத்தின் வாலையே பிய்த்தெறிந்தது. 2011 டிசம்பரில் சூரியப் பரப்பிலிருந்து சுமார் 1,40,000 கிலோமீட்டர் உயரத்தில் லவ்ஜாய் வால்நட்சத்திரம் கடந்தபோது, அதன் வால் அங்குமிங்கும் நெளிந்தது. எந்த விண்கலமும் போகமுடியாத இடத்தில் காந்தப்புலம் எப்படி இருக்கிறது என்பதை அந்த நெளிவைக் கொண்டு கணித்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தூத்துக்குடியின் முத்துக்குளித்துறைக் கரைக்கு இதில் என்ன? நிறைய இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டிச் செல்கிறது. அதன் நேர்மேலே, நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில், பகலில் வலுவான மின்னோட்டம் பாய்கிறது. சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் வந்து மோதினால் அது சட்டென்று மாறும். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது இந்த மின்னோட்டத்துக்காகத்தான். பகலில் நடக்கும் பெரிய வெடிப்பு, நடுக்கடலில் கப்பல்கள் நம்பியிருக்கும் சிற்றலை வானொலியைச் சிறிது நேரம் முடக்கிவிடும். குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தாழ்வான சுற்றுப்பாதையில் விடப்படும் சிறு செயற்கைக்கோள்களுக்குக் காந்தப்புயல் எமன். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் விழுந்து எரிந்தன. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி தலைமையில் உருவான ஆதித்யா-எல்1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு சூரியனைக் கவனித்துவருகிறது.

நம் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோஹோவின் படங்கள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. அந்த 5,000 வால்நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் உலகெங்குமுள்ள ஆர்வலர்களே. தேவை ஒரு கணினியும் பொறுமையும் மட்டும், நீங்களும் தேடுங்கள்.