உஷார்! குழந்தை விழுங்கியது காசா, பேட்டரியா?

வீட்டில் தவழும் குழந்தையோ, ஓடி விளையாடும் வாண்டோ இருந்தால் இந்த விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கார் சாவி, கையடக்க ரிமோட், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் பொம்மை, கார்த்திகைக்கு வாங்கி வைத்த பிளாஸ்டிக் அகல் விளக்கு என்று எதைத் திறந்தாலும் உள்ளே வட்டமாக, பளபளவென்று ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் விழுந்துவிடலாம். உயிரே போன குழந்தைகள் உண்டு.

எல்லாவற்றிலும் கொடியது 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி. அதன் முதுகில் 2032 என்று பொறித்திருக்கும். முதல் இரண்டு எண்கள் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டும் கனம், 3.2 மில்லிமீட்டர். 2025, 2016 என்று வருபவையும் இதே அகலம்தான், கனம் மட்டும் குறைவு. சிறு குழந்தையின் உணவுக்குழாயில் இந்த அகலம் சரியாகப் போய் மாட்டிக்கொள்ளும்.

உள்ளே நடப்பது இதுதான். பேட்டரியின் இரண்டு பக்கமும் ஈரமான சதையில் ஒட்டியிருக்க, எச்சில் வழியாக மின்சாரம் பாய ஆரம்பிக்கிறது. எதிர்முனைப் பக்கத்தில் கடுமையான காரம் உருவாகி, சாக்கடை அடைப்பெடுக்கும் காஸ்டிக் சோடாவைப் போல சதையைக் கரைக்கிறது. பேட்டரி உடைந்து உள்ளே இருப்பது கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கசியவே வேண்டாம், முழுசாக இருந்தாலே போதும். ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போட்ட பழைய பேட்டரிக்குக்கூட சதையைச் சுடுமளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "காசைத்தான் முழுங்கிட்டான், ரெண்டு வாழைப்பழம் குடு, காலையில வெளிக்கிப் போறப்ப வந்துடும்" என்று பாட்டி சொல்வார். காசுக்கு அது சில நேரம் பலிக்கும். பேட்டரிக்கு அந்தக் காலை வரை காத்திருந்தால் குழந்தை கைவிட்டுப் போய்விடலாம். இன்னும் மோசம், விழுங்கியதை யாருமே பார்க்காமல் போவது. குழந்தை எச்சில் ஒழுக்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடும், இருமும், வாந்தி எடுக்கும், மூச்சு கரகரக்கும். பார்க்கிறவர்களுக்குச் சளி, ஜுரம் மாதிரியே இருக்கும். ஒன்றுமே காட்டாத குழந்தைகளும் உண்டு. அதனால் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் "பேட்டரி முழுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்க" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயிலும் ஏமாறலாம். 2019இல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டமும் அதே 20 மில்லிமீட்டர். படத்தில் இரண்டுமே வெள்ளை வட்டம். உற்றுப் பார்த்தால்தான் பேட்டரிக்கு விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் தெரியும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஓரத்தில் சின்னப் படி போல ஒரு இறக்கம் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

உணவுக்குழாயில் இருப்பது உறுதியானால், எண்டோஸ்கோப்பிதான் வழி. இதில் மருத்துவம் நெடுந்தூரம் வந்துவிட்டது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற டாக்டர், வளையாத உலோகக் குழாய்களை வைத்தே ஊக்கு, காசு, பட்டன் என்று 2,000க்கும் மேற்பட்ட பொருட்களை நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்தார். இன்று வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாய், அதன் நுனியில் கேமரா, உள்ளே விரியும் சின்ன வலை எல்லாம் இருக்கின்றன. குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, பேட்டரியை வலையில் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். உணவுக்குழாயில் ஓட்டை விழவில்லை என்று தெரிந்தால், அந்த இடத்தைக் கிருமி நீக்கிய மிக லேசான அசிட்டிக் அமிலக் கரைசலால் கழுவி, மிச்சமிருக்கும் காரத்தை அடக்குகிறார்கள். குழந்தை சற்று முன் சாப்பிட்டிருந்தாலும், வயிறு காலியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதே நிபுணர்களின் வழிகாட்டுதல்.

ஆனால் குழாய் எடுப்பது பேட்டரியை மட்டும்தான். வெந்து கறுத்த சதை உள்ளேயே இருக்கிறது. பேட்டரி வெளியே வந்த பிறகும் அந்தப் புண் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போகலாம். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழலாம். பக்கத்தில் ஓடும் பெருந்தமனி வரை அரித்தால் ரத்தம் கொட்டும். வீடு திரும்பிய குழந்தை ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, அது கொஞ்சமாக இருந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டெக்சஸ் மாநிலத்தில் ரிமோட் பேட்டரியை விழுங்கிய 18 மாதக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயராலேயே 2022இல் அமெரிக்கா 'ரீஸ் சட்டம்' கொண்டுவந்தது. குழந்தை திறக்க முடியாதபடி பேட்டரி மூடி இருக்க வேண்டும், எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும் என்கிறது அது. நம் கடைத்தெருவில் விற்கும் மலிவுப் பொம்மைகளில் எத்தனைக்கு ஸ்க்ரூ போட்ட மூடி இருக்கிறது? விரலால் தள்ளினாலே திறந்துகொள்பவைதான் என் கண்ணில் அதிகம் படுகின்றன. இவற்றைக் குழந்தைகளுக்கென்றே விற்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

விழுங்கிவிட்டது என்று தெரிந்தால், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை, பால், எதுவும் வேண்டாம். ஒரு வயது நிரம்பிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. தேன் சதையின் மேல் படிந்து அரிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. அதையும் வண்டியில் போய்க்கொண்டே கொடுங்கள்; தேன் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். விழுங்க முடியாமல் திணறும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அதில் வேறொரு விஷக்கிருமியின் ஆபத்து இருக்கிறது. 108ஐ அழைக்கும்போதே "பட்டன் பேட்டரி" என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகக் கேளுங்கள். அதே மாதிரி இன்னொரு பேட்டரியோ அதன் அட்டையோ கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

கழற்றிய பேட்டரியை மேசை மேல் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அதன்பின் அப்புறப்படுத்துங்கள். மூடி தளர்ந்த பொம்மையை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.