பீர்க்கங்காய் நாரும் மயிர்க்கால் புண்ணும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் ரெட்டியார்சத்திரம் இருக்கிறது. காய்கறி விளையும் இத்தகைய ஊர்களில், முற்றிய பீர்க்கங்காயைக் காயவைத்துத் தோலையும் விதையையும் நீக்கி, உடம்பு தேய்க்கும் நாராக்கிக் கொள்வது வழக்கம். குளித்தபின் ஈர நாரை ஒரு மூலையில் போட்டுவிட்டு, மறுநாள் அதையே எடுத்துத் தேய்க்கிறோம். இதனால் தீங்கு வருமா?

இதற்கு விடை காண, முதலில் அமெரிக்காவுக்குச் செல்வோம். மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு விடுதியின் வெந்நீர்ச் சுழல்தொட்டியில் குளித்தவர்களுக்கு அரிப்புடன் சிவந்த கொப்புளங்கள் தோன்றின. இச்செய்தி 1975இல் வெளியாயிற்று. காரணம், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா. 1882இல் பிரெஞ்சு அறிஞர் கார்ல் ஜெசார், நீலப்பச்சைச் சீழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். செம்பில் படியும் பச்சைக் களிம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே 'ஏருஜினோசா' என்னும் பெயர்.

வெந்நீர்த் தொட்டியில் இக்கிருமி பெருகுவது ஏன்? நீரின் சூட்டிலும் குமிழிகளிலும் குளோரின் விரைவில் வெளியேறிவிடுகிறது. எஞ்சியதையும் வியர்வையும் தோல் துகள்களும் செலவழித்துவிடுகின்றன. தொட்டியின் சுவரிலும் குழாயிலும் படியும் வழுவழுப்பான படலத்துக்குள் கிருமிகள் பாதுகாப்பாக வாழ்கின்றன. ஆகவே இத்தொட்டிகளில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுகாதாரத் துறையினரின் அறிவுரை.

ஒவ்வொரு மயிரும் தோலில் உள்ள ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. நீரில் ஊறிய தோலில் இக்குழிக்குள் கிருமி எளிதில் புகுகிறது. அதை எதிர்க்க இரத்த வெள்ளணுக்கள் திரள்கின்றன, சீழ் கட்டுகிறது. பெரும்பாலும் ஓரிரு நாட்களில் கொப்புளம் தெரியும். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு ஏழு முதல் பத்து நாட்களில் தானே ஆறிவிடும்.

இனி நம் நாருக்கு வருவோம். இதே கிருமி ஈரமான பீர்க்க நாரில் செழித்து வளர்வதையும், அதன் வழியே தோலுக்குத் தொற்றுவதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் விளக்கினர். நாரின் கண்களில் சிக்கும் தோல் துகள்களே அதற்கு உணவு. அழுத்தித் தேய்க்கும்போது தோலில் விழும் நுண்ணிய கீறல்கள் அதற்கு வாசல்.

மயிர்க்கால் புண் எல்லாமே இக்கிருமியால் வருவதன்று. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் வேறொரு பாக்டீரியா. நலமாக உள்ளவர்களிலும் பத்தில் மூவர் மூக்கில் இது குடியிருக்கிறது. ஆகவே எந்தக் கொப்புளமானாலும் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் தொற்று ஆழமாகப் பரவும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் கூடாது. நீரிழிவு உள்ளவர்களும், காய்ச்சலோ பரவும் சிவப்போ கண்டவர்களும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாரைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. இக்கிருமிக்கு ஈரம் வேண்டும், உலர்ந்தால் தாங்காது. குளித்ததும் நாரை அலசிப் பிழிந்து வெயிலில் கட்டுங்கள். ஒருவர் நாரை மற்றவர் பயன்படுத்த வேண்டாம். கறுத்தாலோ நாறினாலோ மாற்றிவிடுங்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இதற்குச் செலவு ஏதுமில்லை.