யாருக்கு இந்தக் கருவி பலன் தரும்?



மாமல்லபுரம் கடற்கரையில் மீனவர்கள் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு கயிறுகளையும் இரண்டு வரிசையாய் நின்று ஒன்றுபோல் இழுக்க வேண்டும். ஒரு வரிசை பிந்தினால் வலை கோணிப்போகும். பலவீனப்பட்ட சில இருதயங்களிலும் இதுவே நடக்கிறது. மின்பாதையின் இடது கிளை தடைபடுவதால், இடது கீழறையின் ஒரு சுவர் முந்தியும் எதிர்ச்சுவர் பிந்தியும் சுருங்குகின்றன. இரத்தம் போதிய அளவு வெளியேறுவதில்லை. மூச்சிரைப்பும் கால்வீக்கமும் உண்டாகின்றன.

இருதயத்தின் இரு பக்கங்களையும் ஒன்றுபோல் தூண்டும் பேஸ்மேக்கர் முறையை 1994ல் பிரான்சு தேசத்து மருத்துவர்கள் வெளியிட்டார்கள். 2005ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 813 நோயாளிகள் பங்குபெற்றனர். மருந்துடன் இக்கருவியும் பெற்றவர்களிடையே மரணம் 36 சதவீதம் குறைந்தது.

ஆனாலும் கருவி பெறுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குணம் தெரிவதில்லை. விலையோ லட்சக்கணக்கில். நகையை அடகு வைத்து இதைப் பொருத்தும் ஏழைக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

பலன் பெறுகிறவரை முன்கூட்டியே அறிய முடியுமா? எக்கோ பரிசோதனையின் 12 அளவுகளைச் சோதித்த ஆய்வு 2008ல் வெளிவந்தது. அவற்றில் ஒன்றும் தனியே நம்பத்தக்கதாக இல்லை. எளிய ஈ.சி.ஜி. காகிதமே சிறந்த வழிகாட்டி. கீழறைகள் இயங்கும்போது எழும் கூரிய கோடு சாதாரணமாக மூன்று சிறு கட்டங்களுக்குள் அடங்கும். இடது கிளைத் தடையினால் அது ஏறக்குறைய நான்கு கட்டங்கள், அதாவது 150 மில்லி செகண்டு அல்லது அதற்கு மேல் அகன்றிருந்தால், பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பெண்களுக்குப் பலன் சற்றுக் கூடுதல். மாரடைப்பினால் பெரிய தழும்பு ஏற்பட்ட இருதயத்துக்குக் குறைவு.

கோடு குறுகலாயிருந்தால் கருவி தீங்கும் செய்யலாம். அது 130 மில்லி செகண்டுக்குக் குறைவாயிருந்த 809 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 2013ல் வெளியானது. கருவியின் இத்தூண்டுதல் பெற்றவர்களில் 45 பேரும், பெறாதவர்களில் 26 பேரும் மரித்தார்கள்.

ஆகவே, கடலோரக் குப்பத்திலிருந்து ஒருவர் இக்கருவிக்காக உதவி கேட்டால், மூன்று காரியங்களை முதலில் மருத்துவரிடம் விசாரியுங்கள். குறைந்தது மூன்று மாதம் சரியான மருந்துகள் கொடுக்கப்பட்டனவா? அதன்பின்னும் எக்கோவில் இருதயம் இரத்தத்தை வெளியேற்றும் அளவு 35 சதவீதமோ அதற்குக் குறைவோ? ஈ.சி.ஜி.யில் கோடு எவ்வளவு அகலம்? இவற்றை அறியச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சுமார் 30 கிலோமீட்டரிலுள்ள செங்கல்பட்டிலேயே விசாரிக்கலாம். கருவி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அது கைவிடுதல் அல்ல. மருந்தைத் தவறாமல் வாங்கிக் கொடுப்பதும் உயிர் காக்கும் உதவியே.